குலமுறை கிளத்தியவர்

நுவரெலியாவுக்குச் சென்று மீண்ட மாணவன் ஒருவன் சிறிய பெட்டியொன்றிலே ஸ்ரோபெரிப் பழங்கள் கொண்டுவந்து தந்து, இதற்குத் தமிழிலே பெயர் யாது என்று வினவினான். நம் முன்னோர் அறியாத பழத்துக்கு நம் நிகண்டுகளிலே பெயர் இராது என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டேன். விடை சொல்லித் தப்பிய ஆசிரியனுக்கு அன்றிரவு நல்ல உறக்கம் வருவதில்லை. பெயரைத் தேடப் புகுந்த நான் ஈற்றில் அப்பழத்தின் பிறப்பைத் தேட நேர்ந்தது. நாம் இன்று உண்கின்ற பெரிய ஸ்ரோபெரியை முந்நூறு ஆண்டுகளுக்கு முன் உலகில் எவரும் கண்டதில்லை என்பதை அப்போதுதான் அறிந்தேன். அதன் தாய் எது, தந்தை எது என்று முதன்முதலிற் சரியாக எடுத்துச் சொன்னவர் இருபது வயது நிரம்பாத பிரெஞ்சு இளைஞர் ஒருவர். அந்துவான் நிக்கோலா துஷேன் என்பது அவர் பெயர்.

துஷேன் 1747 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 7 ஆந் திகதி வேர்சாய் நகரிலே பிறந்தார். தந்தையார் பிரான்சு மன்னரின் கட்டடங்களை மேற்பார்வை செய்யும் பணியில் இருந்தவர். ஆதலின் அரண்மனைத் தோட்டங்களின் வாயில்கள் சிறுவயதிலேயே அவருக்குத் திறந்திருந்தன. அத்தோட்டங்களிலே அவருக்கு வாய்த்த நல்லாசிரியர் பேர்னார் டி ஜுசியூ. திரியனோன் என்ற இடத்திலே மன்னர் பதினைந்தாம் லூயி அமைத்த தாவரத் தோட்டத்துக்குத் தலைவராய், செடிகளை அவற்றின் உறவு முறைப்படி பாத்தி பாத்தியாக நட்டு வைத்தவர் அவர். அச்சிட்டு வெளியிட்டது மிகக் குறைவு. தாம் எழுதாது மாணாக்கரை எழுதவைக்கும் ஆசிரியர் சிலர் எந்நாட்டிலும் உண்டு.

துஷேன் செய்தது யாது என்று விளங்குவதற்கு ஐம்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும். அந்நாளில் ஐரோப்பியர் அறிந்தவை, காட்டிலே விளையும் நுனிவிரலளவான சிறுபழமும், கஸ்தூரி மணம் வீசும் வேறொரு வகையும், வட அமெரிக்காவின் வேர்ஜீனியாவிலிருந்து வந்த செம்பழமும் ஆகிய சிலவே. 1712 இல் பிரேசியே என்ற படைப் பொறியியலாளர், தென் அமெரிக்கக் கரையிலே ஸ்பானியர் அமைத்த கோட்டைகளை உளவறிந்து வருமாறு பிரான்சிலிருந்து அனுப்பப்பட்டார். கோட்டையைப் பார்க்கப் போனவரின் கண் பழத்திலும் சென்றது. சிலி நாட்டின் கொன்செப்சியோன் நகர்ப் புறத்திலே பயிராகிய ஸ்ரோபெரியின் பருமனைக் கண்டு வியந்து, சில செடிகளைக் கப்பலில் ஏற்றினார். குடிதண்ணீர் அரிதான நெடும் பயணம். 1714 இல் கரை சேர்ந்தபோது உயிரோடு எஞ்சியவை ஐந்தே ஐந்து. அவற்றுள் ஒன்று பாரிசிலுள்ள அரச தோட்டத்துக்கு, பேர்னாரின் தமையனார் அந்துவான் டி ஜுசியூவிடம் சென்றது.

செடிகள் வளர்ந்தன. ஓடிகளை நாலாபுறமும் வீசிப் பெருகின. பூத்தன. ஆனால் காய்க்கவில்லை. மண் ஒவ்வாது என்றனர் சிலர். குளிர் ஒவ்வாது என்றனர் வேறு சிலர். யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருவனை அத்தோட்டத்துக்கு அழைத்துச் சென்றிருந்தால் இம்மயக்கம் தீர்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆண்பனை காய்க்காது, பெண்பனையும் அயலிலே ஆண்பனை இன்றேல் காய்க்காது என்பது பனங்கூடலிலே திரிந்த பிள்ளைக்குத் தெரியாததன்று. பிரேசியே கொண்டுவந்த ஐந்தும் பெண்செடிகள். நன்றாய்க் காய்த்து நின்ற செடிகளையே தேர்ந்தெடுத்தமையால், காயாத ஆண்செடியைத் தாமறியாமலே விட்டுவந்துவிட்டார். பிரெஸ்ட் துறைமுகத்தை அடுத்த ஊர்களிலே மட்டும், வேறு வகை ஸ்ரோபெரியோடு கலந்து நட்டபோது சிலிச்செடி காய்த்தது. ஏன் காய்த்தது என்று அங்கே உழுதவர்கள் ஆராயவில்லை.

ஆராய்ந்தவர் துஷேன். கஸ்தூரி ஸ்ரோபெரியிலே ஒரு செடியின் பூவில் மகரந்தம் நிறைந்திருப்பதையும், இன்னொரு செடியின் பூவில் அஃது இல்லாது சூலகம் மட்டும் இருப்பதையும் அவர் பூப்பூவாய்ப் பார்த்தறிந்தார். தோட்டக்காரர் காயாச் செடிகளை மலடு என்று பிடுங்கியெறிவது வழக்கம். அவை மலடல்ல, தந்தைமார் என்று இளைஞர் உணர்ந்தார். பின்னர், பூத்தும் காயாத சிலிச்செடிக்குக் கஸ்தூரி ஆண்செடியின் மகரந்தத்தை ஊட்டினார். கோழிமுட்டையை நினைவூட்டும் பழங்கள் திரண்டன. 1764 ஆம் ஆண்டு யூலை 6 ஆந் திகதி, பழங்களோடு கூடிய அச்செடியைத் தொட்டியோடே பதினைந்தாம் லூயி மன்னரின் முன் வைத்தார். அப்போது அவருக்குப் பதினேழு வயது நிரம்பவில்லை. மன்னர் அதனை ஓவியமாகத் தீட்டுமாறு பணித்ததோடு, ஐரோப்பாவில் உள்ள ஸ்ரோபெரி வகையெல்லாவற்றையும் திரட்டித் திரியனோனிலே வளர்க்கவும் அவருக்கு அனுமதி அளித்தார்.

இவ்விடத்திலே ஒன்று சொல்லவேண்டும். அன்று மன்னர் கண்ட பழம் புதிய வகைப் பழமன்று. ஸ்ரோபெரியிலே நாம் உண்ணும் சதை பூவின் ஏந்தி பருத்து உண்டாவது. அது முற்றும் தாய்ச்செடியின் உடம்பே. மேலே ஒட்டியுள்ள நுண்ணிய மணிகளே மெய்யான கனிகள். கலப்பின் பயனை அம்மணிகளை விதைத்த பின்னரே காணலாம். எனவே அரண்மனையிலே புகழ் தேடித்தந்த செயலைக் காட்டிலும், அதற்கு ஓராண்டு முன்னே அரவமின்றி நடந்த வேறொன்றையே நான் பெரிதாக மதிக்கின்றேன்.

ஸ்ரோபெரியின் இலை வில்வம்போல மூன்று சிற்றிலைகள் கூடியது. 1761 இலே துஷேன் காட்டு ஸ்ரோபெரியின் வித்துக்களை விதைத்திருந்தார். 1763 இலே அந்நாற்றுக்களினிடையே ஒரு செடியின் காம்பு ஒவ்வொன்றிலும் ஒற்றை இலையே நிற்பதைக் கண்டார். நோயோ, பூச்சியின் வேலையோ என்று ஐயுற்றுக் களைந்துவிடக்கூடிய செடி அது. அவர் களையவில்லை. ஓடிகளிலிருந்து எழுந்த கன்றுகளைப் பார்த்தார், ஒற்றை இலை. வித்தெடுத்து விதைத்தார், முளைத்தவையும் ஒற்றை இலை.

இங்கேதான் இடர் தோன்றியது. வித்தினால் மாறாது தன்னையே பெறுவது தனி இனம். மண்ணாலும் நீராலும் மாறி, விதைத்தாற் பழையபடி திரும்பிவிடுவது வெறும் பேதம். இதுவே அக்காலத்து அறிஞர் கொண்ட அளவுகோல். இனங்கள் யாவும் படைப்பின்போதே தோன்றி முடிந்தன, புதியது தோன்றுவதற்கில்லை என்பதும் பெரும்பாலோர் கொள்கை. அளவுகோலின்படி ஒற்றையிலைச் செடி தனி இனமாதல் வேண்டும். ஆனால் அதன் தாய் மூவிலைச் செடி என்பதை, தம் கையால் விதைத்த துஷேன் ஐயமின்றி அறிவார். இதனை இனம் என்றால் இனங்கள் நம் கண்முன்னே புதிதாய்ப் பிறக்கின்றன என்று ஒப்புக்கொள்ளவேண்டும்; பேதம் என்றால், நூல்களிலே இனங்களென்று எண்ணப்பட்டவற்றுள் எத்தனை வெறும் பேதங்களோ என்று அஞ்சவேண்டும். இரண்டில் எதைச் சொன்னாலும் பெரியோர் கட்டிய வீட்டின் ஒரு சுவர் ஆட்டங் காணும்.

அந்நாளிலே தாவரங்களுக்குப் பெயரிடுவதில் ஐரோப்பா முழுவதற்கும் தலைவராய் விளங்கியவர் சுவீடன் தேசத்து லின்னேயஸ். துஷேன் அவரோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். லின்னேயஸ் ஒற்றையிலைச் செடியைத் தம் நூலிலே தனி இனமாகவே சேர்த்துக்கொண்டார். புதிய இனம் ஒன்றைக் கண்டவர் என்ற பெயர் அவ்விளைஞருக்கு எளிதிலே கிடைத்திருக்கும், வாளாவிருந்தாற் போதும். அவர் வாளாவிருக்கவில்லை. இனமும் அன்று, நிலையற்ற பேதமும் அன்று, ஓரினத்தினுள்ளே பிறந்து வித்துவழியே நிலைத்து நிற்கும் ஒரு வமிசம் இது என்று வகுத்தார். செடியின் இலை, பூ, காய் இவற்றை வருணிப்பதோடு நில்லாமல் எந்த ஆண்டு, எங்கே, எதிலிருந்து பிறந்தது என்பதையும் வருணனையின் பகுதியாக்கினார். பிறப்பைச் சொல்லாத வருணனை பாதி வருணனை என்பது அவர் கருத்தாகத் தெரிகின்றது.

1766 இலே ஸ்ரோபெரிகளின் இயற்கை வரலாறு என்ற அவரது நூல் பாரிசிலே வெளிவந்தது. அதிலேதான் நம் மாணவன் கொண்டுவந்த பழத்தின் பிறப்பும் தெளிவாயிற்று. அப்போது சில தோட்டங்களிலே பருத்த பழமும் இனிய மணமும் உடைய புதுவகையொன்று பரவியிருந்தது. மணம் அன்னாசியை ஒத்தமையால் அன்னாசி ஸ்ரோபெரி என்றனர். இலக்கணத்தார் சொல்வதுபோல அது காரணப்பெயரே. எனினும் மணத்துக்குக் காரணம் சொல்லிற்றேயன்றிப் பிறப்புக்குச் சொல்லவில்லை. எங்கிருந்து வந்தது என்பது பற்றிப் பலர் பலவாறு கூறினர். துஷேன் இலையின் தடிப்பு, பூவின் அளவு, பழத்தின் உரு ஆகியவற்றை ஒப்புநோக்கி, சிலிச்செடிக்கும் வேர்ஜீனியாச் செடிக்கும் பிறந்த கலப்பே அது என்று துணிந்தார். தென் அமெரிக்காவின் மேலைக் கரையிலிருந்து வந்ததும், வட அமெரிக்காவின் கீழைப் பகுதியிலிருந்து வந்ததும் ஐரோப்பியப் பாத்தியிலே சந்தித்தமையால் பிறந்த குழந்தை. தாம் பிறக்கக் கண்ட செடியைப் பற்றி அவ்வளவு தயங்கியவர், பிறக்கக் காணாத செடியின் பெற்றோரை இவ்வளவு துணிவோடு சொன்னார். பின்வந்த ஆராய்ச்சி முழுதும் அவர் சொல்லையே உறுதி செய்தது.

அந்நூலிலே ஸ்ரோபெரி வகைகளுக்கு அவர் குலமுறை வரைபடம் ஒன்றும் வரைந்தார். மன்னர் குலங்களுக்கு வரைவதுபோலச் செடிக்கு வரைந்தது அக்காலத்திலே புதுமை. படம் பிழையற்றதன்று. எல்லா வகைக்கும் மூதாதை, ஆண்டில் பல மாதங்களும் காய்க்கும் சிறு மலைச்செடியே என்று கொண்டுவிட்டார். காட்டுச்செடியின் கலங்களிலே 14 நிறமூர்த்தங்களும், கஸ்தூரி வகையிலே 42 உம், சிலி, வேர்ஜீனியா, அன்னாசி வகைகளிலே 56 உம் உள்ளன என்பதை 1920 களிலேயே எண்ணியறிந்தனர். எண்ணுதற்குக் கருவியில்லாத காலத்தவர்மேற் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் எல்லாம் ஒரே வேரிலிருந்து ஒரே நாட்டிலே கிளைத்தன என்ற எளிய அழகிலே அவரும் மயங்கினார் என்றே எண்ணுகின்றேன். மரம் வரையத் தொடங்கியவருக்கு வேரொன்று வேண்டியிருந்தது.

நூலுக்கு உரிய பயன் உடனே விளையவில்லை. ஆண்செடி, பெண்செடி வேற்றுமையை அவர் எழுதி ஐம்பது ஆண்டுகள் சென்றபின், இலண்டனை அடுத்த ஐல்வேர்த்திலே மைக்கேல் கீன்ஸ் என்ற தோட்டக்காரர் கஸ்தூரிப் பாத்தியிலே பெண்செடிகளை மட்டும் நட்டு, பழமின்றி ஏமாந்து, அவ்வுண்மையைத் தாமே மீண்டும் கண்டுபிடிக்க நேர்ந்தது. 1821 இலே வெள்ளிக் கிண்ணம் பரிசு பெற்ற அவருடைய பெரும்பழ நாற்று, பின்னாளிற் பல வகைகளுக்குத் தாயாயிற்று. அன்னாசி ஸ்ரோபெரியின் வழித்தோன்றல்களே இன்று உலகெங்கும் பயிராகின்றன. நுவரெலியாவில் விளைவதும் அவ்வழியினதே.

துஷேனின் பிற்கால வாழ்வை விரிக்க வேண்டுவதில்லை. 1774 இலே பதினைந்தாம் லூயி இறந்தார். திரியனோன் புதிய அரசியின் விளையாட்டிடமாயிற்று. ஜுசியூவின் பாத்திகள் அகற்றப்பட்டன. துஷேன் தந்தையாரின் பதவியை ஏற்றார். ஓய்வுக் காலத்திலே பூசணி, சுரைக் குடும்பத்தை எடுத்துக்கொண்டு, எது எதனோடு கலக்கும், எது கலவாது என்ற பழைய வினாவையே அவற்றினிடமும் கேட்டார். லமார்க் தொகுத்த தாவரக் கலைக்களஞ்சியத்துக்கும் எழுதினார். 1789 இலே எழுந்த புரட்சி, மன்னரோடு மன்னரின் கட்டடப் பதவியையும் கொண்டுசென்றது. அரச உத்தியோகம் இழந்தவர் வேர்சாயிலே இயற்கை வரலாறு கற்பிக்கும் ஆசிரியரானார். சிறுவருக்கென விலங்கு, பழம், பூ ஆகியவற்றின் படங்களோடு ஒரு தொகுப்பும் வெளியிட்டார். 1827 இலே இறந்தார்.

அவர் நூல் வெளிவந்து சரியாக நூறாண்டு சென்ற 1866 இலே மெண்டலின் பட்டாணிக் கட்டுரை அச்சேறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, செடிகளிலே திடீரெனப் புதுப் பண்பு தோன்றுவதை ஆராய்ந்த ஒல்லாந்து அறிஞர் ஹியூகோ டி விரீஸ், எடுத்துக்காட்டுக்களுள் ஒன்றாக அவ்வொற்றையிலைச் செடியையும் காட்டினார். அது பின்னிடைவான பண்பு. மூவிலைத் தாயினுள்ளே மறைந்திருந்து வெளிப்பட்டது என்று இப்போது எளிதாகச் சொல்லிவிடுகின்றோம்.

ஆங்கில அறிஞர் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் 1811 இலே, துஷேன் உயிரோடிருக்கும்போதே, அவர் பெயரால் ஒரு தாவரச் சாதியை வகுத்தார். இந்தியா முதலிய ஆசிய நாடுகளிலே படரும் சிறு செடி அது. இலை மூன்று, பழம் சிவப்பு, பார்வைக்கு ஸ்ரோபெரியேதான்; ஆனால் பூ மஞ்சள், பழத்திலே சுவையென்று சொல்ல ஒன்றுமில்லை. போலி ஸ்ரோபெரி என்பர். அண்மைக்காலத் தாவரவியலார் பலர் அதனையும் வேறொரு சாதியோடு சேர்த்துவிட்டமையால், அங்கே அவர் பெயர் வழக்கொழிந்து வருகின்றது. ஒற்றையிலைச் செடியை மட்டும் சில தோட்டங்களிலே இன்றும் வளர்க்கின்றனர். விதைத்தால் இப்போதும் ஒற்றை இலையோடுதான் முளைக்கின்றது.