தையற்காரர் மகன் தந்த அலைக்கணக்கு

நிழலில் இளைப்பாறுவோர் பலர். அந்த மரத்தை நட்டவரை நினைப்போர் சிலர். அறிவியலில் இது இன்னும் உண்மை. அப்படி ஒரு மரத்தின் நிழலில் நின்றுகொண்டே, அதை நட்டவரை நான் அறியாதிருந்தேன். அறிந்தது ஒரு தவறு செய்த பிறகுதான்.

எங்கள் துறைக் கண்காட்சியின் 20 படங்களை இணையப் பக்கத்தில் ஏற்றும் பொறுப்பு எனக்கு வந்தது. கைபேசியில் எடுத்தவற்றை அப்படியே ஏற்றிவிட்டேன். ஒவ்வொன்றும் சுமார் 5 மெகாபைட். மொத்தம் 100 மெகாபைட். மாலையில் பேருந்தில் அந்தப் பக்கத்தைத் திறந்த நண்பருக்கு, அவர் இறங்கவேண்டிய ஊர் வந்தும் முதல் படம் பாதிதான் தெரிந்ததாம்! நான் வெட்கினேன். ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு படத்தின் அகலத்தையும் 1200 புள்ளிகளாகக் குறைத்து, ஜேபெக் முறையில் மேலும் சுருக்கித் தந்தார். இப்போது படம் ஒன்று 150 கிலோபைட்; 20 படங்களும் சேர்ந்து 3 மெகாபைட். பக்கம் விரைவாகத் திறந்தது. முகங்களோ முன்போலவே தெளிவாக இருந்தன. அப்படியானால் எறியப்பட்டது எது? எறிந்தது ஏன் கண்ணுக்குத் தெரியவில்லை? இந்த வினாவைத் தொடர்ந்து சென்றபோது நான் கண்டவர்தான் ஜோசப் ஃபூரியர். மதிப்பெண்ணுக்காக நாம் மனப்பாடம் செய்யும் ஃபூரியர் தொடரின் ஆசிரியர்.

பிரான்சு நாட்டின் ஓசேர் நகரில் 1768 மார்ச் 21 அன்று ஒரு தையற்காரரின் மகனாக அவர் பிறந்தார். பத்து வயதளவில் தாயும் தந்தையும் இல்லாத அநாதையானார். துறவியர் நடத்திய உள்ளூர்ப் படைப்பள்ளியில் இடம் கிடைத்தது. எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளைப் பகலில் சேர்த்துவைத்து, இரவில் அவற்றின் ஒளியில் கணிதம் பயின்றார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். பீரங்கிப் படையில் சேர விரும்பினார். உயர்குடியில் பிறவாதவர் என்பதால் இடம் மறுக்கப்பட்டது. என் தந்தையும் தையல் தொழிலாளிதான். ஆகவே, இந்த இடத்தைப் படித்தபோது சற்று நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

துறவியாகலாம் என்று 1787-இல் மடம் புகுந்தார், 1789-இல் வெளியேறினார். அது பிரெஞ்சுப் புரட்சி வெடித்த ஆண்டு. பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பித்த ஆட்சி சரிந்தது. புரட்சிக் குழுவில் சேர்ந்து உழைத்தார். ஆயினும் அதே புரட்சி 1794-இல் அவரைச் சிறையில் தள்ளியது. ரோபஸ்பியர் வீழ்ந்ததால் விடுதலை பெற்றார். பின்பு பாரிசில் லாக்ராஞ்ச், லாப்லாஸ், மோஞ்ச் ஆகிய பேரறிஞர்களிடம் பாடங்கேட்டு, 1797-இல் லாக்ராஞ்ச் வகித்த பேராசிரியர் பதவிக்கே வந்தார். 1798-இல் நெப்போலியனுடன் எகிப்து சென்றார். கெய்ரோவில் நிறுவப்பட்ட ஆய்வுக் கழகத்தின் செயலாளராக இருந்து 1801-இல் திரும்பினார். 1802-இல் நெப்போலியன் அவரைக் கிரெனோபிள் நகரில் இருந்துகொண்டு இசேர் மாவட்டத்தை ஆளும் அதிகாரியாக்கினார். பூர்குவான் பகுதிச் சதுப்பு நிலங்களை வடியவைத்தார்; தூரின் நகரை நோக்கிச் சாலை அமைத்தார். கோப்புகளுக்கு நடுவே அவர் மனம் வேறொரு வினாவில் ஆழ்ந்திருந்தது. ஒரு பொருளில் வெப்பம் எப்படிப் பரவுகிறது?

தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கிவைத்தால் அதன் சூடு எல்லா இடத்திலும் ஒரே அளவாக இராது. இந்த ஏற்றத்தாழ்வை, மெல்ல ஏறியிறங்கும் அலைகளும் நெருக்கமாக ஏறியிறங்கும் அலைகளும் சேர்ந்த கூட்டலாகப் பார்த்தார் ஃபூரியர். நெருக்கமான அலைகள் விரைவில் அடங்கிவிடும். அகன்ற அலைகள் நெடுநேரம் நிற்கும். இரு மடங்கு நெருக்கமான அலை நான்கு மடங்கு விரைவில் அடங்கும் என்பது அவர் கணக்கு. எந்த வடிவ வளைகோட்டையும், திடீரென ஏறும் படிக்கட்டுப் போன்றதையுங்கூட, சைன், கொசைன் அலைகளைக் கூட்டியே அமைக்கலாம் என்றும் துணிந்தார்.

1807 டிசம்பரில் இந்த ஆய்வைப் பாரிசு அறிஞர் கழகத்தில் அளித்தார். அதை ஆராய்ந்தோருள் அவருடைய ஆசிரியர்களே இருந்தனர். வழவழப்பான அலைகளைக் கூட்டினால் மூலைகளும் படிகளும் எப்படி வரும் என்று லாக்ராஞ்ச் ஏற்க மறுத்தார். ஆய்வு வெளியிடப்படவில்லை. பின்னர், வெப்பம் பற்றிய பரிசுப் போட்டியில் 1812-இல் பரிசு கிடைத்தது. ஆனால் நிறுவல் முழுமையில்லை என்ற குறிப்பும் உடன்வந்தது. அப்போதும் அச்சேறவில்லை. ஃபூரியர் சோர்ந்து ஒதுங்கவில்லை. சினந்து கைவிடவும் இல்லை. 1822-இல் வெப்பத்தின் பகுப்பாய்வுக் கொள்கை என்னும் நூலைத் தாமே வெளியிட்டார். இடையே 15 ஆண்டுகள்! அதே ஆண்டில் அறிவியல் கழகத்தின் நிலையான செயலாளரானார். எந்த நிபந்தனைகளில் அவர் தொடர் செல்லும் என்பதை டிரிக்லே என்னும் இளைஞர் 1829-இல் முறைப்படி நிறுவினார். மறு ஆண்டு மே 16 அன்று ஃபூரியர் பாரிசில் காலமானார். ஈஃபெல் கோபுரத்தில் பொறித்த 72 பெயர்களில் அவர் பெயரும் ஒன்று.

இனி என் வினாவுக்கு வருகிறேன். ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டாக, 64 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்தையும் 64 கொசைன் அலைகளின் கூட்டலாக மாற்றுகிறது. முதல் எண் கட்டத்தின் சராசரி ஒளி. அடுத்தடுத்த எண்கள் மேலும் மேலும் நெருக்கமான அலைகளின் அளவு. வானம், சுவர், கன்னம் போன்ற பகுதிகளில் நெருக்கமான அலைகள் மிகச் சிறியவை. நம் கண்ணும் அவற்றைக் கூர்ந்து காண்பதில்லை. ஆகவே அவை சுழியாக்கப்படுகின்றன. வரிசையாக வரும் சுழிகளைச் சில குறிகளால் எழுதிவிடலாம். ஆறும் தோசைக்கல் முதலில் இழப்பதையே படமும் முதலில் இழக்கிறது!

கொசைன் உருமாற்றத்தைப் படச் சுருக்கத்திற்கு ஏற்றவாறு அமைத்தவர் நசீர் அகமது. பெங்களூரில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியரானவர். 1972-இல் இதற்காக அவர் கேட்ட ஆய்வு நிதியை அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனம் மறுத்துவிட்டது. கருத்து மிக எளிதாக இருக்கிறதாம்! அவர் விடவில்லை. தம் மாணவர் டி. நடராஜனோடும் கே. ஆர். ராவோடும் சேர்ந்து 1974-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். 1992-இல் வந்த ஜேபெக் தரமுறை அதன்மேல் எழுந்தது.

இன்னொரு சோதனையும் செய்து பார்த்தேன். கண்காட்சிப் பதாகையின் படத்தை அளவுக்கு மீறிச் சுருக்கினேன். எழுத்துகளின் ஓரமெங்கும் அழுக்குப் படிந்தாற்போல் ஆயிற்று. கூர்மையான விளிம்பைக் காட்ட அலைகள் பல வேண்டும். அவற்றை எறிந்தால் விளிம்பு கெடும். லாக்ராஞ்சின் ஐயம் வீணானதன்று என்பது அப்போது விளங்கிற்று. ஆசிரியர் கண்ட இடர்ப்பாடும் உண்மை; மாணவர் கண்ட வழியும் உண்மை. ஐயுற்றவரை மதித்துக்கொண்டே, தாம் கண்டதை விடாது பற்றி நின்றதே ஃபூரியரின் பெருமை.

நல்ல தையற்காரர் துணியை வெட்டுகிறார்; சட்டை குறைபடுவதில்லை. எதை வைப்பது, எதை விடுவது என்ற அந்தக் கணக்கைத்தான் ஒரு தையற்காரரின் மகன் உலகுக்குத் தந்துவிட்டுப் போனார். நண்பர்களே, அடுத்த தேர்வில் அவர் தொடரை எழுதும்போது, மெழுகுவத்தித் துண்டுகள் பொறுக்கிய அந்தச் சிறுவனையும் ஒருகணம் நினைத்துக்கொள்ளுங்கள்.