தம்மை அடக்கிய மாமன்னர்

காட்டு விலங்கை அடக்குதல் அரிய செயல் என்பர். அதனினும் அரியது, அடக்கும் வலிமை பெற்றவன் தன்னை அடக்கிக்கொள்ளுதல். இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்குவது அசோகச் சக்கரவர்த்தியின் வாழ்க்கை.

மௌரியர் ஆட்சிக்கு யானைப்படை பெருந்துணையாயிருந்தது. அசோகரின் பாட்டனாராகிய சந்திரகுப்தர், செலூக்கஸ் என்னும் கிரேக்க மன்னருக்கு 500 யானைகளை அளித்து உடன்படிக்கை செய்துகொண்டவர். அக்காலத்தில் யானை பிடித்த முறையைக் கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் விவரித்துள்ளார். வெட்டவெளியொன்றைச் சுற்றி ஆழ்ந்த அகழி தோண்டுவர். ஒரே பாலம் அமைத்து, உள்ளே பழகிய பெண் யானைகளை நிறுத்துவர். இரவில் காட்டு யானைகள் உட்புகுந்ததும் பாலத்தை அகற்றிவிடுவர். பசியாலும் நீர்வேட்கையாலும் அவை சோர்ந்தபின், பழகிய யானைகளை ஏவிப் பொருதச் செய்து, கால்களைப் பிணிப்பர். பிறகே பாட்டாலும் பறையொலியாலும் அவற்றைத் தேற்றுவர். துன்பம் முன்னே சென்றது. ஆறுதல் பின்னே வந்தது.

ஏறத்தாழ கி.மு. 268இல் அரியணை ஏறிய அசோகர், நாட்டையும் இவ்வாறே வலிமையால் அடக்க முற்பட்டார். முடிசூடி 8 ஆண்டுகள் சென்றபின் கலிங்கத்தை வென்றார். 1,00,000 பேர் கொல்லப்பட்டனர். 1,50,000 பேர் பிடித்துச் செல்லப்பட்டனர். இது பகைவர் கூறிய பழியன்று. வென்ற மன்னரே தமது பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில் பொறித்துவைத்த கணக்கு. அதனையடுத்து அவர் தமது வருத்தத்தையும் பொறித்தார்.

அன்றுமுதல் அடக்கம் அரண்மனையிலேயே தொடங்கிற்று. வேட்டை உலாக்கள் தரும யாத்திரைகளாயின. நாள்தோறும் எண்ணற்ற உயிர்கள் மாண்ட அரச சமையற்கூடத்தில் இரண்டு மயில்களும் ஒரு மானும் மட்டுமே கொல்லப்பட்டன. மானும் எந்நாளும் அன்று. அவற்றையும் நிறுத்துவதாக அவர் உறுதி கூறினார். எஞ்சிய குறையை ஒளிக்காது நாடறியச் சொன்ன நேர்மையை நோக்குமின்! மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவ வசதி செய்தார். அந்நற்பணி சோழ பாண்டிய நாடுகளையும் எட்டியதாக அவர் சாசனம் உரைக்கிறது. ஆட்சியின் 26ஆம் ஆண்டில், கொல்லத்தகாத உயிர்களை வரிசைப்படுத்தினார்; காரணமின்றிக் காட்டுக்குத் தீயிடுவதையும் தடுத்தார்.

எனினும், கொலைத்தொழிலை அவர் முற்றும் ஒழித்தாரல்லர். காட்டுவாழ் மக்களுக்குத் தம் வலிமையை நினைவூட்டி எச்சரிக்கவும் செய்தார். பழைய வேகம் ஒருநாளில் அவிவதில்லை.

கலிங்கத்துத் தௌலிப் பாறையில் அவர்தம் சாசனங்களுக்கு மேலே யானையொன்றின் முன்னுடல் செதுக்கப்பட்டுள்ளது. பாகனில்லை, அங்குசமில்லை, சங்கிலியுமில்லை. கல்லினின்று அமைதியாக வெளிப்போதுகிறது அக்களிறு. போர்க்கணக்கைக் கூறும் சாசனம் அங்கே பொறிக்கப்படவில்லை. மக்களெல்லாரும் தம் மக்களே எனும் கருத்துடைய சாசனம் பொறிக்கப்பட்டது. சாரநாத்துத் தூணிலும் சிங்கங்களின் காலடியில் யானை, குதிரை, எருது, சிங்கம் ஆகியவை தருமச் சக்கரங்களின் இடையே செல்கின்றன. 1950இல் அத்தூணின் தலைப்பகுதியே இந்திய அரசின் சின்னமாயிற்று.

சென்னை அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பவட்டம் ஒன்றுண்டு. இராசகிருகத்து வீதியில் வெறிகொண்டோடும் நாளாகிரி யானை ஒருபுறம். பகவரின் முன் மண்டியிடும் அதே யானை மறுபுறம். கல் ஒன்று; களிறும் ஒன்று. அசோகர் வாழ்வும் அத்தகையதே. நம் நெஞ்சிலும் அக்களிறு உண்டு. அது எப்பக்கம் நிற்கிறதென்பதை நாள்தோறும் நோக்குதல் நம் கடன்.