துணியால் வானம் கட்டியவர்: யார் இந்த சுப்ரதா மித்ரா?

வீட்டில் ரீல்ஸ் எடுக்கும்போது லைட்டை நேராக முகத்தில் அடித்தால் நன்றாக இருக்காது. சுவர் பக்கம் திருப்பி வைத்தால், பட்டுத் திரும்பி வரும் வெளிச்சம் முகத்தில் இதமாக விழும். இன்னிக்கு இது எல்லாருக்கும் தெரிந்த சின்ன டிப்ஸ்தான். ஆனா, எழுபது வருஷத்துக்கு முன்னால் கல்கத்தாவில் ஒரு ஸ்டுடியோவுக்குள் இதையே பெரிய அளவில் செய்து காட்டினார் ஓர் இளைஞர். அப்போது அவர் இருபதுகளின் நடுவில் இருந்தார்.

பெயர் சுப்ரதா மித்ரா. சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ படத்தின் ஒளிப்பதிவாளர். அசிஸ்டென்டாகக்கூட வேலை பார்க்காமல் நேராக கேமராமேன் ஆனவர். அது எப்படி நடந்தது?

வேலை கிடைக்கவில்லை, வேடிக்கை பார்க்க அனுமதி கிடைத்தது

1930-ல் கல்கத்தாவில் ஒரு நடுத்தர வங்காளிக் குடும்பத்தில் பிறந்தார் மித்ரா. பள்ளி நாட்களிலேயே பிரிட்டிஷ், ஹாலிவுட் படங்கள் மீது பைத்தியம். டேவிட் லீனின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’, கேரல் ரீடின் ‘தி தேர்ட் மேன்’ மாதிரியான கறுப்பு வெள்ளைப் படங்களின் லைட்டிங் அவரை இழுத்தது. கேமரா அசிஸ்டென்டாகச் சேர முயன்றார், கிடைக்கவில்லை. அறிவியல் பட்டப்படிப்பைத் தொடர்ந்தார்.

1950 வாக்கில் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார், ‘தி ரிவர்’ படத்துக்காக வங்காளம் வந்தார். மித்ரா வேலை கேட்டுப் போனார், மறுத்துவிட்டார்கள். அத்தோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். அவரது அப்பா மகனைக் கூட்டிக்கொண்டு ரெனுவாரிடமே போய்ப் பேசினார். வேலை இல்லை, ஆனா ஷூட்டிங்கை வேடிக்கை பார்க்கலாம் என்று அனுமதி கிடைத்தது.

மித்ரா சும்மா நிற்கவில்லை. லைட் எங்கே இருந்தது, கேமரா எந்தப் பக்கம் நகர்ந்தது, நடிகர் எங்கே நின்றார் என்று தினமும் குறிப்பெடுத்தார், படம் வரைந்தார். ஒருநாள் ஒரு ஷாட்டைத் திரும்ப எடுக்க வேண்டி வந்தபோது, பழைய லைட்டிங் எப்படி இருந்தது என்று சரிபார்க்க ஒளிப்பதிவாளர் கிளாத் ரெனுவாரே அந்த நோட்டை வாங்கிப் பார்த்தார்.

அதே படப்பிடிப்புக்கு நேரம் கிடைத்தபோதெல்லாம் வந்துபோனவர், விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சத்யஜித் ராய். படத்தின் கலைப் பிரிவில் இருந்தவர் பன்சி சந்திரகுப்தா. மூன்று பேரும் நண்பர்கள் ஆனார்கள்.

காசும் இல்லை, அனுபவமும் இல்லை

‘பதேர் பாஞ்சாலி’யைத் தொடங்க முடிவு செய்தபோது கேமராவை மித்ராவிடம் கொடுத்தார் ராய். மித்ரா அதுவரை சினிமா கேமராவை இயக்கியதே இல்லை. 1952 அக்டோபரில் முதல் ஷாட் எடுத்தபோது அவருக்கு வயது 22. ராய்க்கும் அதுதான் முதல் படம்.

பணம் தீர்ந்தால் ஷூட்டிங் நிற்கும், கிடைத்தால் தொடரும். ராய் தன் இன்ஷூரன்ஸ் பாலிசியை அடகு வைத்தார், மனைவியின் நகைகளும் அடகுக்குப் போயின. கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்த பிறகுதான் படம் முடிந்து, 1955-ல் வெளியானது. அடுத்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் விருது வாங்கியது.

பந்தல் மாதிரி ஒரு வானம்

மித்ராவின் பெயர் சினிமா வரலாற்றில் தனியாக நிற்பது அடுத்த படமான ‘அபராஜிதோ’வால் (1956). கதையில் அப்புவின் குடும்பம் காசியில் ஒரு பழைய வீட்டில் குடியிருக்கும். நடுவில் முற்றம், சுற்றி அறைகள். வெளிச்சம் மேலே இருந்து, திறந்த வானத்தில் இருந்து மட்டும் இறங்கும். அப்படி வரும் வெளிச்சத்தில் நிழல் அழுத்தமாக விழாது.

மழை வந்து கெடுத்துவிடும் என்று பயந்து, அந்த வீட்டை கல்கத்தா ஸ்டுடியோவில் செட்டாகப் போட முடிவானது. மித்ரா எதிர்த்தார். அவருடைய வாதம் எளிமையானது. ஸ்டுடியோவில் பல விளக்குகளை நேரடியாக அடித்தால், ஒரே ஆளுக்குப் பல நிழல்கள் விழும். அது வானத்து வெளிச்சம் இல்லை என்பதை நிழலே காட்டிக்கொடுத்துவிடும்.

அவர் பேச்சு எடுபடவில்லை. பன்சி செட் போட்டார். அப்புறம்தான் மித்ரா வழி கண்டுபிடித்தார். முற்றத்துக்கு மேலே, பந்தல் கட்டுவது மாதிரி வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார். விளக்குகளை நடிகர்கள் மீது அடிக்காமல், கீழிருந்து அந்தத் துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம், வானத்தில் இருந்து வருவது மாதிரியே செட்டுக்குள் இறங்கியது. இதைத்தான் இன்று பவுன்ஸ் லைட்டிங் என்கிறோம். சினிமாவில் இதை முதன்முதலில் முறையாகப் பயன்படுத்தியவர்களில் ஒருவராக மித்ரா கருதப்படுகிறார். ‘அபராஜிதோ’ 1957-ல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் விருது வென்றது.

பத்துப் படங்கள், ஒரு பிரிவு

‘ஜல்சாகர்’, ‘தேவி’, ராயின் முதல் கலர் படமான ‘காஞ்சன்ஜங்கா’, ‘சாருலதா’ என்று ராயுடன் பத்துப் படங்கள் செய்தார் மித்ரா. இடையில் கண் பிரச்சினையால் சில படங்களை விட வேண்டி வந்தது. அவரிடம் அசிஸ்டென்டாக இருந்த சௌமேந்து ராய் அவற்றைச் செய்தார்.

லைட்டிங் சரியாக வரும்வரை மித்ரா விடமாட்டார், அதற்கு நேரம் எடுப்பார் என்பது ஊரறிந்த விஷயம். இன்னொரு பக்கம், ராய் கேமராவைத் தானே இயக்கத் தொடங்கினார். 1966-ல் வந்த ‘நாயக்’தான் இருவரும் சேர்ந்த கடைசிப் படம். ரயிலுக்குள் நடக்கும் அந்தக் கதையில், ரயில் பெட்டியே ஸ்டுடியோ செட்தான்.

பிறகு சௌமேந்துவே ராயின் ஒளிப்பதிவாளர் ஆனார். மித்ராவின் கையில் அதற்குள் வேறு நல்ல படங்களும் இருந்தன. மெர்ச்சன்ட் - ஐவரி கூட்டணிக்கு ‘ஷேக்ஸ்பியர் வாலா’ உட்பட நான்கு படங்கள். ராஜ் கபூர், வஹீதா ரஹ்மான் நடித்த ‘தீஸ்ரி கசம்’. ஆனா 1970-க்குப் பிறகு முழுநீளப் படங்கள் மிகவும் குறைந்துபோயின. உலகம் கவனித்த ஒரு கேமராமேன், நாற்பது வயதிலேயே ஏறக்குறைய ஓரமாகிப் போனார். எதையும் விட்டுக்கொடுக்காத குணம்தான் அவர் படங்களை அழகாக்கியது. அதே குணம் வாய்ப்புகளையும் குறைத்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

திரும்பி வந்தார்

1986-ல் ஷஷி கபூர் பத்திரிகையாளராக நடித்த ‘நியூ டெல்லி டைம்ஸ்’ வந்தது. அந்தப் படத்துக்காகச் சிறந்த ஒளிப்பதிவாளருக்கான தேசிய விருது வாங்கினார் மித்ரா. பத்மஸ்ரீ விருதும் தேடி வந்தது.

கடைசி ஆண்டுகளில் கொல்கத்தாவில் உள்ள சத்யஜித் ராய் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்தில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். எந்தக் கல்லூரியிலும் ஒளிப்பதிவு படிக்காத அவர், பழைய நண்பரின் பெயர் தாங்கிய கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். 2001 டிசம்பரில், 71 வயதில் காலமானார்.

வாய்ப்பு கிடைத்தால் ‘அபராஜிதோ’ பாருங்கள். காசி வீட்டு முற்றம் வரும்போது கொஞ்சம் நிறுத்தி, தரையில் நிழல் எங்கே விழுகிறது என்று தேடிப் பாருங்கள்.