தீனபந்து ஆண்டுரூஸ்

சென்னைத் துறைமுகத்தினின்று முன்னாளிற் கடல் கடந்தோர் யாவரும் வணிகரல்லர். 1860ஆம் ஆண்டில் துரூரோ என்னுங் கப்பல் நெட்டாலுக்கும், 1903 முதற் பல கப்பல்கள் பிஜித் தீவுக்கும் நம் தமிழ் மக்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிச் சென்றன. கைந்நாட்டிட்ட ஐந்தாண்டும் அவர்கள் தோட்டத்தை விட்டு நீங்கலாகாது. நீங்கின் சிறைத்தண்டம் உண்டு. பிஜியில் ஆடவர்க்கு நாட்கூலி ஒரு ஷில்லிங். மகளிர்க்கு ஒன்பது பென்னி. நூறு ஆடவர்க்கு நாற்பது மகளிரே அனுப்பப்பட்டமையின் இல்லறமுஞ் சிதைந்தது. இவ்விலங்கை முறித்தோருள் முன்னிற்பவர் சார்லஸ் பிரீர் ஆண்டுரூஸ் ஆவர்.

இவர் 1871ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் தேதி இங்கிலாந்தில் நியூகாஸில் நகரிற் பிறந்து, கேம்பிரிட்ஜிற் கல்வி கற்று, 1904இல் டில்லி ஸ்தேவான் கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்தார். 1913இல் தென்னாப்பிரிக்க இந்தியர் வேலைநிறுத்தஞ் செய்து துன்புற்ற காலை, இராஜப்பிரதிநிதி ஹார்டிஞ்சுப் பிரபு இச்சென்னையிலேயே அவர்கள்பால் இரக்கங் காட்டிப் பேசினார். கோகலேயின் வேண்டுகோட்கிணங்கி ஆண்டுரூஸ் பியர்ஸன் என்னும் நண்பரோடு அங்குச் சென்று காந்தியடிகளுக்குத் துணைநின்றார்.

1915இல் அவ்விருவரும் பிஜித் தீவை அடைந்து, கூலிகளின் குடியிருப்புகளிற் புகுந்து, கண்டனவும் கேட்டனவும் அறிக்கையாக வரைந்தனர். 1916 மார்ச்சில் மாளவியர் சட்டசபையிற் கொணர்ந்த தீர்மானத்தை ஏற்று, இம்முறையை ஒழிப்பதாக ஹார்டிஞ்சுப் பிரபு வாக்களித்தார்.

பிறரெனின் அவ்வளவில் அமைந்திருப்பர். ஒழிப்பு இன்னுஞ் சில்லாண்டு தள்ளிப்போகும் என்றறிந்த ஆண்டுரூஸ் மீண்டுங் கிளர்ந்தெழுந்தார். நாடெங்குங் கூட்டங்கள் கூடின. இந்திய மாதர் தூதுக்குழுவும் இராஜப்பிரதிநிதியைக் கண்டு முறையிட்டது. 1917 மார்ச்சில் ஆட்சேர்ப்பு நின்றது. ஆயினும் முன்னரே சென்றோர் கட்டு அவிழ்ந்திலது. அவ்வாண்டே அவர் மறுபடியும் பிஜிக்கு ஏகினார். ஆஸ்திரேலிய மாதர் சங்கங்களும் 1918இற் பிளாரென்ஸ் கார்னம் அம்மையாரை அனுப்பி, உண்மையை ஆராய்ந்து வெளியிட்டன. 1920 ஜனவரி முதல் தேதி பிஜியில் எஞ்சிய ஒப்பந்தங்கள் யாவும் நீக்கப்பட்டன.

எளியோர்க்கு நண்பர் என்னும் பொருளில் தீனபந்து எனப் போற்றப்பெற்ற இப்பெரியார் 1940 ஏப்ரல் 5ஆம் தேதி கல்கத்தாவில் உயிர்நீத்தார்.

மாணவ நண்பர்களே! நம்மவர் கப்பலேறிய இத்துறைமுகத்தை அடுத்த இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும், இன்று ஒடிசா, பீகார் முதலிய இடங்களினின்று பிழைப்புநாடி வந்தோர் பலர் உழைக்கின்றனர். அவர்பால் இரக்கங் கொள்ளுதல் எளிது. நேரிற் சென்று கண்டு, மெய்யை எழுதி, ஆள்வோர் கொடுத்த வாக்கு நிறைவேறுங்காறும் அயராது கேட்டலே அரிது. அவ்வரிய செயலே ஆண்டுரூஸின் வாழ்க்கை நமக்குக் காட்டும் நெறியாம்.