இருட்சிறையில் எழுந்த நாயகியின் குரல்

ஸ்பெயின் நாட்டு டொலேடோ நகரின் கார்மேல் மடத்திற்கு 1577 டிசம்பரில் ஒரு கைதி கொண்டுவரப்பட்டார். நள்ளிரவில் அவரைப் பிடித்து வந்தவர்கள் பகைவர்கள் அல்லர். அவருடைய சபையைச் சேர்ந்த துறவியரே. அவர் செய்த குற்றம், சபையை அதன் பழைய தவ ஒழுக்கத்திற்குத் திருப்ப முயன்றது.

சிலுவை யோவான் எனப் போற்றப்படும் அம்மகான் 1542-இல் பிறந்தார். தந்தை கொன்சாலோ பட்டு வணிகக் குடும்பத்தவர். ஏழை நெசவுப் பெண்ணான கத்தலீனாவை மணந்ததால் உறவினரால் ஒதுக்கப்பட்டார். அன்பிற்காகச் செல்வத்தை இழந்து வறியவளின் கரம்பற்றிய நாயகனின் கதையை யோவான் மறைநூலில் படிப்பதற்கு முன்பே வீட்டிலேயே அறிந்திருந்தார் எனலாம். தந்தை விரைவில் காலமாக, மெதினா நகர மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தவாறே கல்வி கற்றார். 1563-இல் துறவு. 1567-இல் குருப்பட்டம். அதே ஆண்டில் அவிலா தெரேசா அம்மையாரைச் சந்தித்தார். இருவரும் சீர்திருத்தப் பணியில் இணைந்தனர்.

கிறிஸ்தவ மறைநூலில் நாயக நாயகி பாவம் எங்கோ ஒரு மூலையில் மட்டும் காணப்படுவதன்று. தன்னைவிட்டு விலகிய மனைவியை மீண்டும் அழைக்கும் கணவனாக இறைவனைக் காட்டுகிறார் ஓசேயா தீர்க்கதரிசி. திருவெளிப்பாடு ஒரு திருமணத்தில் முடிவுறுகிறது. எனினும் இப்பாவத்தின் ஊற்று உன்னதப்பாட்டே. அந்நூலைத் தாய்மொழியில் பெயர்த்தது, சாலமன்காப் பேராசிரியர் லூயிஸ் தெ லெயோன் 1572 முதல் 1576 வரை விசாரணைச் சிறையில் வாடியதற்கான காரணங்களுள் ஒன்று. அக்காலத்தில் அது அத்தனை அபாயமான நூல்!

யோவானின் அறை ஏறத்தாழ ஆறடி அகலமும் பத்தடி நீளமும் கொண்டது. உயரத்தில் இருந்த ஒரு சிறு இடுக்கின் வழியே வந்ததே வெளிச்சம். உணவு பெரும்பாலும் ரொட்டியும் தண்ணீரும். சகோதரத் துறவியர் சூழ நின்று சவுக்கால் அடித்தனர். உன்னதப்பாட்டில் மணமகள் இரவில் நாயகனைத் தேடித் தெருக்களில் அலைகிறாள். நகர்க்காவலர் அவளை அடித்துக் காயப்படுத்துகின்றனர். அப்பகுதி இப்போது யோவானுக்கு வெறும் உருவகமாக இருந்திருக்க முடியாது.

அந்த இருளில்தான் 'ஆன்மீகக் கீதம்' பிறந்தது. இரக்கமுள்ள புதிய காவலர் ஒருவர் தாளும் மையும் தந்தார். அன்பால் காயப்படுத்திவிட்டு மறைந்துபோன நாயகனைத் தேடி ஆன்மாவாகிய மணமகள் புறப்படுகிறாள். காடுகளையும் புல்வெளிகளையும் விசாரிக்கிறாள். அவர் தங்களைக் கடந்து சென்றார், பார்வையாலேயே தங்களை அழகுறச் செய்தார் என அவை விடையளிக்கின்றன. ஆன்மா தேடுவதாகத் தோன்றினாலும், உண்மையில் இறைவனே அவளை அதிகமாகத் தேடுகிறார் என்பது யோவானின் துணிபு. மதுர பாவத்தை அறிந்த சாதகருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. தம்மை அடித்தவர்களைப் பற்றி அக்கீதத்தில் ஒரு கசப்பான சொல்லும் இல்லை.

1578 ஆகஸ்டில் ஓரிரவு பூட்டைத் தளர்த்தி, போர்வையைக் கிழித்துக் கயிறாக்கி, சுவர்வழியே இறங்கித் தப்பினார். தெரேசாவின் சகோதரியர் மடம் அடைக்கலம் தந்தது. நிற்கவும் வலுவற்ற நிலையில் அவர்களுக்குத் தம் பாடல்களைச் சொல்லிக் காட்டினார். பின்னர் அன்னை ஆனா தெ ஹெசூஸ் கேட்டுக்கொண்டதற்கிணங்க 1584-இல் அவற்றிற்கு உரையும் எழுதினார்.

இறுதிக்காலத்தில் அவர் வளர்த்த சபையே அவரைப் பொறுப்புகளிலிருந்து நீக்கியது. காலில் புண்களுடன் ஊபெதா மடத்தில் படுத்தார். அங்கிருந்த தலைவர் அவரைப் பாரமாகவே கருதினார். யோவான் அவரை அழைத்து, தம்மால் நேர்ந்த சிரமத்திற்கு மன்னிப்புக் கேட்டார். 1591 டிசம்பர் 13 இரவு, மரணத் தறுவாயில் இருப்போருக்கான செபங்களைத் துறவியர் தொடங்கினர். அவர் அதைத் தடுத்து, உன்னதப்பாட்டை வாசிக்குமாறு வேண்டினார். வாசித்தனர். நள்ளிரவு மணி ஒலித்தபோது அவர் உயிர் பிரிந்தது.