கடலுக்கு அடியில் ஒரு மாதம்... சாப்பாடு எப்படி வந்தது? ஜாக் கூஸ்தோவின் கதை

நம்ம வீட்டு குக்கரில் அழுத்தம் கூடுவதால், தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் சுமார் 120 டிகிரியில் கொதிக்கிறது. அதே அழுத்தத்தில் மனிதர்கள் குடியிருக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர் ஜாக் கூஸ்தோ.

யார் இவர்?

1910-ல் பிரான்சில் பிறந்தவர், கடற்படை அதிகாரி. பைலட் ஆகும் ஆசை ஒரு கார் விபத்தோடு முடிந்தது. கை குணமாக நீந்தத் தொடங்கியவர், கடலை விடவே இல்லை. 1943-ல் எமில் கான்யானுடன் சேர்ந்து முதுகில் மாட்டும் 'அக்வாலங்' சுவாசக் கருவியை உருவாக்கினார்.

கடலடி வீடு

1962-ல் மார்சே அருகே, 10 மீட்டர் ஆழத்தில் வைத்த இரும்பு உருளையில் இருவர் ஒரு வாரம் தங்கினார்கள். 1963-ல் சூடானை ஒட்டிய செங்கடலில், நட்சத்திர மீன் வடிவ வீட்டில் ஒரு குழு ஒரு மாதம் வாழ்ந்தது. கடைசி நாள்களில் மனைவி சிமோனும் அங்கே தங்கினார்.

சமையல் எப்படி?

வீட்டின் அடியில் கதவு திறந்தே இருக்கும். தண்ணீர் புகாமல் தடுப்பது உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம்தான். 10 மீட்டரில் அது தரையில் இருப்பதைப்போல 2 மடங்கு. அதனால் அங்கே மூடாத பாத்திரமும் குக்கர் மாதிரிதான், விசில் மட்டும் வராது! ஆனால் பொரிப்பது, வறுப்பதெல்லாம் சிக்கல். புகை வெளியேற வழியில்லை, எல்லோரும் அதையேதான் சுவாசிக்கணும்.

செங்கடல் வீட்டுக்கு ஒரு சமையல்காரரும் இருந்தார். ஆனால் உணவுப் பொருள், குடிநீர், காற்று, மின்சாரம் எல்லாமே மேலே நின்ற கப்பலில் இருந்துதான் வந்தன. நீர் புகாத பாத்திரங்களைச் சுமந்துகொண்டு டைவர்கள் இறங்குவார்கள். சுற்றிலும் மீன்கள் நீந்தினாலும், சாப்பாடு என்னவோ கரையில் இருந்துதான்!

கனவு என்ன ஆச்சு?

மனிதன் ஒருநாள் செயற்கைச் செவுளோடு கடலிலேயே வாழ்வான் என்று கூஸ்தோ நம்பினார். 1965-ல் நீஸ் அருகே 100 மீட்டர் ஆழத்தில் 6 பேர் 3 வாரம் தங்கினார்கள். அங்கே சுவாசித்தது ஹீலியம் கலந்த காற்று. ஹீலியம் வெப்பத்தை வேகமாகக் கடத்துவதால், உடம்பும் சீக்கிரம் குளிரும், சூடான சாப்பாடும் சீக்கிரம் ஆறிப்போகும்.

ஆழம் கூடியதோடு, மேற்பரப்பைச் சார்ந்திருப்பதையும் இந்த முறை பெரிதும் குறைத்தார்கள். இந்தச் சோதனைகளுக்குப் பணம் தந்தவர்களில் பிரான்சின் எண்ணெய்த் துறையும் உண்டு. பிறகு கூஸ்தோ கடலில் குடியேறும் திட்டத்தை விட்டுவிட்டு, கடலைக் காப்பாற்றும் வேலையில் இறங்கினார். 1997-ல் பாரிஸில் இறக்கும்வரை அதுதான் அவர் வேலை.