ஆறாம் வகுப்பும் ஆட்சிப் பொறுப்பும்

சென்னைத் தியாகராய நகரின் திருமலைப்பிள்ளை சாலையில் ஒரு வீடு இருக்கிறது. அன்றைய சென்னை மாநிலத்தை ஒன்பது ஆண்டுகள் ஆண்ட முதலமைச்சர் அதில் வாடகைக்குக் குடியிருந்தார். அவருடைய அமைச்சரவையில் சட்டம் பயின்றவர்கள் இருந்தனர். தலைமைச் செயலகத்தில் ஆங்கிலத்தில் கோப்பெழுதப் பழகிய உயர் அலுவலர்கள் இருந்தனர். அவரோ ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு நீங்கியவர். சட்டம் இயற்றுவோருக்குப் பள்ளிக் கல்வி இன்றியமையாததா என்னும் வினா எழும்போதெல்லாம் காமராசரின் பெயரே முதலில் நினைவுக்கு வருகிறது. ஆயினும் அவரது வாழ்வு தரும் விடை, பலரும் எண்ணுவதைப் போல் அத்துணை எளியதன்று.

1903 ஜூலை 15 அன்று விருதுப்பட்டியில் குமாரசாமி, சிவகாமி அம்மையார் இணையருக்கு அவர் பிறந்தார். அவ்வூரே இன்றைய விருதுநகர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். சத்திரிய வித்தியாசாலையில் தொடர்ந்த படிப்பு பாதியில் நின்றது; மாமனின் துணிக்கடையில் வேலை பார்க்க நேர்ந்தது. 1919இல் நிகழ்ந்த ஜாலியன் வாலாபாக் படுகொலை அவரை விடுதலைப் போராட்டத்திற்கு இழுத்தது. 1930இல் வேதாரணியம் உப்புச் சத்தியாகிரகத்தில் பங்கேற்று அலிப்பூர் சிறைக்குச் சென்றார். பல முறை சிறைப்பட்டு, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளைச் சிறையில் கழித்தார். பள்ளியில் விட்ட படிப்பை அங்கே தொட்டார் எனலாம். நாளிதழ்களையும் நூல்களையும் ஊன்றிப் படித்தார். ஆங்கிலம் படித்துப் பொருள் உணரவும் பழகினார்.

வழக்கறிஞரும் ஆங்கிலத்திலும் தமிழிலும் வல்ல நாவலருமான சத்தியமூர்த்தி, அவருக்கு அரசியல் ஆசானாக வாய்த்தார். 1936இல் மாநிலக் காங்கிரசுக்குச் சத்தியமூர்த்தி தலைவர், காமராசர் செயலாளர். 1940இல் இது தலைகீழாயிற்று. பட்டம் பெற்ற ஆசான், பள்ளிப்படிப்பை முடிக்காத மாணவரின் கீழ்ச் செயலாளராகப் பணியாற்ற இசைந்தார். இதில் யாருடைய பெருமை மிகுதி என்பதை எளிதில் சொல்லிவிட இயலாது.

1937இல் காமராசர் சட்டமன்ற உறுப்பினரானபோது எல்லார்க்கும் வாக்குரிமை இல்லை. சொத்து, வரி, எழுத்தறிவு முதலிய தகுதிகள் உடையோரே வாக்களித்தனர். பின்னர் அவரும் உறுப்பினராக இருந்த அரசியல் நிர்ணய சபை, வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கியது. வேட்பாளருக்குக் கல்வித் தகுதி எதனையும் விதிக்கவில்லை. சட்டத்தை நடைமுறைப்படுத்துவோருக்குத் தகுதி கேட்கும் நாடு, சட்டம் இயற்றுவோருக்கு அதைக் கேட்காதது குறையே என அவையின் தலைவர் இராசேந்திர பிரசாத் 1949 நவம்பர் 26 அன்று வருந்தினார். அவர் விரும்பியவாறு பட்டமோ பள்ளியிறுதிச் சான்றிதழோ கட்டாயமாக்கப்பட்டிருந்தால், 1954இல் குடியாத்தம் இடைத்தேர்தலில் காமராசர் நின்றிருக்கவே முடியாது.

அவ்வாண்டு ஏப்ரல் 13 அன்று முதலமைச்சரான அவர், தலைமைப் பதவிக்குத் தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சி. சுப்பிரமணியத்தை அமைச்சராக்கி, கல்வித் துறையையே அவரிடம் ஒப்படைத்தார். பக்தவத்சலமும் அமைச்சரவையில் இடம்பெற்றார். இருவரும் சட்டம் பயின்றவர்கள். தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டறிவதில் அவர் கூச்சம் கொண்டதில்லை. 1956இல் அவரது ஆட்சியில்தான் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் நிறைவேறியது. ஆங்கிலம் அறியாத குடிமகனும் அரசின் ஆணையைப் படித்தறிய அது வழி திறந்தது.

கல்வியில் அவர் செய்தவை தனியே கூறத்தக்கவை. மூதறிஞர் இராசாசி 1953இல் கொண்டுவந்த, பள்ளி நேரத்தைக் குறைத்து எஞ்சிய பொழுதில் பெற்றோர் தொழிலைப் பழகச் செய்யும் திட்டம் கைவிடப்பட்டது. ஒரு மைலுக்குள் தொடக்கப்பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப்பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப்பள்ளி என்பது குறிக்கோளாயிற்று. பசித்த பிள்ளை பள்ளிக்கு வாராது என்பதை உணர்ந்து மதிய உணவுத் திட்டம் 1956இல் தொடங்கப்பட்டது. பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி எழுந்தது. தொடக்கத்தில் ஊர்மக்களின் நன்கொடையே பல பள்ளிகளில் உலை ஏற்றியது. பின்னர் அரசும் பங்கேற்றது. கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். படிக்காமலே தாம் உயர்ந்துவிட்டதால் பிறருக்கும் படிப்பு வேண்டியதில்லை என்று காமராசர் ஒருபோதும் கருதவில்லை. தமக்குக் கிடைக்காததன் அருமையை அவர் அறிந்திருந்தார்.

அந்த இழப்பு அவரைத் தடுத்த இடமும் உண்டு. 1964இலும் 1966இலும் காங்கிரசுத் தலைவராகப் பிரதமரைத் தேர்ந்தெடுப்பதில் முன்னின்றவர், தாம் அப்பதவியை நாடவில்லை. இந்தியிலும் ஆங்கிலத்திலும் சரளமாகப் பேச இயலாமை அதற்கு ஒரு காரணமாக இருந்தது. 1967இல் விருதுநகரில் மாணவர் தலைவர் சீனிவாசனிடம் தோற்றார். அவர் பெருக்கிய பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் படித்த தலைமுறை, அவரது கட்சிக்கு எதிராகவே வாக்களிக்கக் கற்றிருந்தது.

1975 அக்டோபர் 2 அன்று அவர் அதே தியாகராய நகர் வீட்டில் காலமானார். நிலமோ வங்கியில் பெருந்தொகையோ அவர் விட்டுச் செல்லவில்லை. இன்று நினைவு இல்லமாக விளங்கும் அவ்வீட்டில் அவர் பயன்படுத்திய எளிய பொருள்களோடு அவர் படித்த நூல்களும் வைக்கப்பட்டுள்ளன.